நன்றி நவிலல்

(ஒரு பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் பன்னாட்டுக் கருத்தரங்கின் நிறைவு விழா. அழைப்பிதழின் கடைசி வரியில் ‘நன்றியுரை: கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயர்கூடப் போடாமல் அச்சிடப்பட்டவர் பேசியது.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அவையோர் என்பது மரபுக்காகச் சொல்வது. சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டு நன்றியுரைக்கு மைக்கைக் கொடுத்தால் அரங்கில் யார் இருப்பார்கள்? மைக்செட்காரர் இருக்கிறார். நாற்காலிகளை எண்ணி எடுத்துப்போக வந்தவர் இருக்கிறார். இருவருக்கும் போன கருத்தரங்கின் பாக்கியே இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் இருவரையும் சாட்சியாக வைத்து என் கடமையைச் செய்கிறேன்.

முதற்கண், மேடையின் நடுவில் காலியாகக் கிடக்கும் துணைவேந்தர் நாற்காலிக்கு நன்றி. வேந்தரான ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, துணைவேந்தர் இல்லாமலே காலம் தள்ளிப் பழகிவிட்டன. ஆசிரியர் நியமனம் நின்றது. பட்டமளிப்பு விழா தள்ளிப்போனது. ஓய்வூதியம் கேட்டு வயதானவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். கருத்தரங்கு மட்டும் நிற்கவில்லை. தலைமையுரை, முன்னிலை, நோக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, மையவுரை என எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தார்கள். பொன்னாடைக்கும் குறைவில்லை. ஒருவர் தோளில் விழுந்த பொன்னாடையே மடிக்கப்பட்டு, பெட்டிக்குள் போய், அடுத்தவர் தோளுக்கு வந்ததைக் கவனித்தேன். இந்த வளாகத்தில் மறுசுழற்சி ஒழுங்காக நடக்கும் ஒரே இடம் அதுதான்.

தொடக்க விழாவில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட குத்துவிளக்கை ஏற்றவில்லை. டிஜிட்டல் அல்லவா? எல்.இ.டி. திரையில் விளக்கின் படம். தலைவர் டேப்லெட்டில் விரல் வைத்தால் ஐந்து முகமும் எரியும் என்பது ஏற்பாடு. வைத்தார். எரியவில்லை. அழுத்தி வைத்தார். வைஃபை போயிருந்தது. திரைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த முதுகலை மாணவி ஒருத்தி லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினாள். ஐந்து முகமும் எரிந்தன. அரங்கம் கைதட்டியது, விரலுக்கு. செய்தித்தாளுக்குப் போன படத்தில் இருப்பதும் விரல்தான். அந்த மாணவிக்கு என் தனிப்பட்ட நன்றி. இந்தத் துறை இங்கே எப்படி நடக்கிறது என்பதை ஒரே தட்டலில் விளக்கிவிட்டாள். மையவுரையாளருக்கு அதற்கு எழுபது ஸ்லைடு தேவைப்பட்டது.

கருத்தரங்கைப் ‘பன்னாட்டு’க் கருத்தரங்காக்கிய கோலாலம்பூர் பேராசிரியருக்கும் நன்றி. அவர் ஜூமில் வந்தார். “நான் பேசுவது கேட்கிறதா?” என்றார். கேட்கிறது என்றோம். நாங்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை “கேட்கிறதா?” என்றவர் அப்படியே உறைந்துபோனார். பாதி திறந்த அந்த வாய்தான் நமக்குக் கிடைத்த பன்னாட்டு அந்தஸ்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்புக்கான கோப்பில் ஒட்டியாயிற்று.

நாக் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 பிப்ரவரியில், நாக் ஆய்வுக்குழு ஒன்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. நல்ல கிரேடுக்காக ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் எல்லாம் கைமாறின என்பது குற்றச்சாட்டு. உயர்கல்வியை முன்னேற்ற லேப்டாப் எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த மையவுரையிலும் நான் கேட்டதில்லை.

கட்டுரையாளர்களுக்கு நன்றி. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஆணை போட்டு ஏற்றுக்கொண்டது. நம் அறிவிப்போ, ‘கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் 12 புள்ளி அளவில் இருத்தல் வேண்டும்’ என்றது. ஆகவே, கணினியில் தமிழைத் தேடுவது பற்றி இங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளை நாளை எந்தக் கணினியிலும் தேட முடியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தலைப்புகளாவது பிழைத்தனவா? ‘தொல்காப்பியர்: உலகின் முதல் புரோகிராமர்’, ‘குறளில் பிக் டேட்டா’, ‘சிலம்பில் சி.சி.டி.வி.’ ஆளுக்கு ஐந்து நிமிடம், அதில் இரண்டு நிமிடம் தலைவருக்கு வணக்கம். கட்டணம் கட்டினால் போதும், வரவே வேண்டாம் என்றொரு பிரிவும் உண்டு. அவர்களுக்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் போகும், கட்டுரை ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்பில் ஏறும். யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அந்தத் தொகுப்புக்குப் பாதுகாப்பு. கட்டுரையாளர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும். புள்ளிக்குச் சான்றிதழ் வேண்டும். கூலிக்கு மாரடிப்பவர்களைவிட, அந்த ஒப்பாரிக்குக் கட்டணம் வசூலிப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

வள்ளுவர் சாட்பாட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவால் வள்ளுவரே நேரில் வந்து பதில் சொல்வார் என்று திரையில் தாடியோடு நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் கேள்வி கேட்டார். தளை தட்டாமல், ஏழு சீரில், உடனே ஒரு குறள் வந்தது. அரங்கம் சிலிர்த்தது. வள்ளுவர் எழுதியவை 1330. இது அவற்றில் இல்லை. 1331ஆவது குறளை உலகுக்கு அளித்த முதல் பல்கலைக்கழகம் என்ற பெருமை நமக்கு. மேடையில் இருந்த தமிழ்ப் பேராசிரியர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இருந்தார்களா, தெரிந்தும் இருந்தார்களா? எது மோசம் என்று எனக்குப் புரியவில்லை.

‘காலத்தின் அருமை கருதிச் சுருக்கவும்’ என்று துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. காலத்தின் அருமை என்று ஒன்று இந்த வளாகத்தில் நன்றியுரையின்போது மட்டும்தான் உதிக்கும். சுருக்க மாட்டேன்.

மையவுரையாளரின் ஸ்லைடுகளில் ஒன்று ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியாருடையது. ‘இவர்தான் நம் துறையின் தந்தை’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினார். எனக்குத் தாவ முடியவில்லை. பூசா 1949இல் நியூயார்க் போய், ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்து, தாமஸ் அக்வினாஸின் லத்தீன் நூல்கள் முழுமைக்கும் சொல்லடைவு செய்ய இயந்திரம் கேட்டார். கிடைத்தது. ஒரு கோடிச் சொல்லுக்குமேல். முப்பது ஆண்டு வேலை. 56 தொகுதிகள். அந்தச் சொற்களைத் துளையட்டையில் ஏற்றியது யார்? மிலானுக்குப் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊரில் அவர் வைத்த பயிற்சிக்கூடத்தின் இளம்பெண்கள். புகைப்படங்களில் இயந்திரத்தின் முன் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஜூலியான் நைஹன், மெலிசா டெராஸ் போன்ற ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டு கழித்துத் தேடிப்போன பிறகுதான் அவர்களில் சிலருக்குப் பெயரும் குரலும் கிடைத்தன.

தந்தையிடமிருந்து இந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது அந்த ஒரு பாடம்தான். பூசா பெயர்களை விட்டார். 56 தொகுதிகளைக் கொண்டுவந்து வைத்தார். நாம் பெயர்களை விட்டோம், பேனர் வைத்தோம்.

நம் இணையதளத்துக்கு வருகிறேன். நேற்று பொத்தானை அழுத்தித் திறந்துவைத்தது புத்தம்புதிய சுவடிக் களஞ்சியம். இதற்கு முந்தைய கருத்தரங்கில் திறந்தது சங்க இலக்கியச் சொல்லடைவு. வாசலில் வைத்த பேனரில் அதன் க்யூஆர் கோடு இன்னும் இருக்கிறது. ஸ்கேன் செய்து பாருங்கள், ஆன்லைன் ரம்மி விளம்பரம் வரும். தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய சில நூறு ரூபாயைக் கட்டவில்லை; காத்திருந்தவன் வாங்கிவிட்டான். புறநானூறு இருந்த முகவரியில் சீட்டாட்டம். கேட்டால், ‘எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பிவிட்டது’ என்கிறார்கள். உண்மைதான். பேனருக்குத் தலைப்பு உண்டு, பூங்கொத்துக்குத் தலைப்பு உண்டு. திறந்ததைப் பராமரிப்பதற்குத் தலைப்பு கிடையாது. ஏனென்றால் அதற்கு விழா எடுக்க முடியாது.

‘கணினியில் ஏற்றிவிட்டால் அழிவே இல்லை’ என்று வாழ்த்துரையில் ஒருவர் முழங்கினார். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைச் சைபர் தாக்குதல் முடக்கியது. நூற்பட்டியலைத் தேடக்கூட முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். பிறகு எங்கே கோட்டைவிட்டோம் என்று அறிக்கை எழுதி ஊரறிய வெளியிட்டார்கள். நம்மைத் தாக்க எவனும் வரவேண்டியதில்லை. நாமே போதும். அறிக்கையும் வராது.

இனி நூலகத்தின் மேல்மாடிக்கு நன்றி. அங்கே பழைய இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், கோடையில் கரையான் வரும். அதே மாடியில், திட்டப்பணத்தில் வாங்கிய ஸ்கேனர் ஒன்று தனியறையில் இருக்கிறது. புத்தகத்தைக் கவிழ்க்காமல் மேலிருந்தே படமெடுக்கும் நல்ல இயந்திரம். அறை பூட்டியிருக்கும். சாவி கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில். இழுப்பறைச் சாவி அவர் வீட்டில். பயன்படுத்திப் பழுதானால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அதனால் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. கரையான்களை மட்டும் யாரும் தணிக்கை செய்வதில்லை.

ஒரு பக்கம் கணினிக்குள் எப்படிப் போகிறது என்பதை மேடையில் இருந்த எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். சொல்கிறேன். 1930களின் இதழைத் திறந்தால் தாள் அப்பளம்போல் ஒடியும். மடிப்பில் விரல் படக் கூடாது. ஸ்கேனர் பூட்டிக் கிடப்பதால் மாணவி ஒருத்தி தன் செல்போனில் படமெடுக்கிறாள். எழுத்துணரி மென்பொருளுக்கு அதைக் கொடுத்தால், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட லையையும் னையையும் கண்டால் வாய்க்கு வந்ததை எழுதும். இரண்டு பத்தி அச்சை ஒரே வரியாகப் படித்து, தலையங்கத்தின் பாதியை லேகிய விளம்பரத்தோடு கோத்துவிடும். அதைப் பிரித்து, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, கரையான் தின்ற இடத்தில் ஊகத்தை நுழைக்காமல் ‘சிதைவு’ என்று குறித்து, எழுத்தெண்ணித் திருத்த வேண்டும். சந்தி தெரிய வேண்டும். அந்தக் காலத்து உரைநடை பழகியிருக்க வேண்டும். எவ்வளவு கைவேகம் இருந்தாலும் ஒரு நாளைக்குச் சில பக்கங்கள்தான் நகரும். இதுதான் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ். மற்றதெல்லாம் பந்தி.

இதைச் செய்தவள் எங்கள் துறையின் முழுநேர ஆய்வு மாணவி. உதவித்தொகை வந்து மாதக்கணக்காகிறது. நெறியாளர் சொன்னதால் செய்தாள். செய்யாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்து விழாது. அவள் படமெடுத்த பக்கங்கள் தளத்தில் ஏறின. முதன்மை ஆய்வாளர்: நெறியாளர். இணை ஆய்வாளர்: நெறியாளரின் மைத்துனர். நன்றிப் பக்கத்தில் இருபது பெயர்களுக்குப் பிறகு ‘மற்றும் பலர்’. அந்தப் பலரில் ஒருத்தி அவள். அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு திருத்திய எழுத்துரையையாவது தளத்தில் வைத்தார்களா? இல்லை. வெறும் பக்கப் படங்களை, புரட்டிப் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். தேட முடியாது, தரவிறக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் எழுத்தை மறைத்துப் பல்கலைக்கழக முத்திரை. காப்புரிமையாம்! எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் படைப்பு பொதுச்சொத்து என்கிறது இந்தியச் சட்டம். எவருடைய உழைப்போ ஊர்ச்சொத்தாகி எத்தனையோ காலமாகிறது. அதன்மேல் தன் முத்திரையைக் குத்தி வேலி போடுகிறது, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம்.

இது ஆகாத காரியமா என்றால், மதிலுக்கு வெளியே எட்டிப்பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு வந்து மிச்ச நேரத்தில் தட்டச்சு செய்தார்கள். அந்த மின்னூல்களைத் திறந்தால் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் தொடக்கத்திலேயே இருக்கும். மற்றும் பலர் அல்ல, பெயர். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். தன் கைக்காசில் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். அதனால்தான் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் நிற்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பெயர் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் மெய்ப்புப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த மண்ணைச் சேர்ந்த இளைஞர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, கிடைத்த துண்டுப் பிரசுரத்தைக்கூட விடாமல் ஏற்றினார்கள். நெருப்பிடம் பறிகொடுத்தவர்கள் அதைச் செய்தார்கள். கையில் இருப்பதைக் கரையானிடம் கொடுத்துவிட்டு நாம் கருத்தரங்கு நடத்துகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் பின்னிணைப்பு. மொத்தம் 1,17,000க்கு மேற்பட்ட சொற்கள். கணினி இல்லாமல், சொற்களைக் கையால் தொகுத்துச் செய்த வேலை. அன்றைக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம்தான் செய்தது. இன்றைக்கு அதில் ஒரு சொல்லைத் தேடவேண்டும் என்றால் நம்மில் பெரும்பாலோர் போவது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்துக்கு. அவர்கள் ஏற்றினார்கள்; ஏற்றியதை இத்தனை ஆண்டும் அணையவிடாமல் வைத்திருக்கிறார்கள். தமிழன்னைக்கு நாம் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். விமானச் சீட்டுக்கு இருந்தது. வழியெல்லாம் வைத்த பேனருக்கு இருந்தது. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அதை 25,000 வரை கொண்டுவருவதற்கே எத்தனை போராட்டம்! அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். பன்னிரண்டாம் மாதத்தில் எங்களுக்குப் பசிக்காது என்பது எந்த ஆய்வின் முடிவோ தெரியவில்லை. மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த தமிழ் முனைவர்கள் இந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் நிற்கிறார்கள். திருத்த வேண்டிய பக்கங்கள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு கையெழுத்து போதும். அந்தக் கை பொத்தான் அழுத்தப் போயிருக்கிறது.

இரண்டாவது துண்டுச்சீட்டு. ‘பாயசம் ஆறுகிறது.’

முடித்துக்கொள்கிறேன். கருத்தரங்கில் தீர்மானம் எதுவும் போடவில்லை, நானே போட்டுவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கைக் குறைத்து, அந்தப் பணத்தில் மெய்ப்பாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். வேலை செய்தவர் பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள். மைத்துனர் பெயரை மற்றும் பலரில் சேர்த்துக்கொள்ளலாம். முத்திரையை எடுத்துவிட்டு, யூனிகோடில் முழு உரையை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். பத்தாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ரசீதோடு வந்து இணையதளத்தைத் திறந்துவையுங்கள்.

கடைசியாக, பந்தியில் இருக்கும் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. ஐயா, எனக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஃபைலும் பேனாவும் வேண்டாம். கை கழுவிவிட்டு வந்து அந்த ஸ்கேனர் அறைச் சாவியைக் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் எழுத்தில் கொடுங்கள்: ‘மேல்மாடி இதழ்கள் அனைத்தும் கரையான்களுக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளன’ என்று, உங்கள் கையெழுத்து, அலுவலக முத்திரையோடு. அதை யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, உங்கள் பெயரையும் மறக்காமல் போட்டு, நாங்கள் ஏற்றிவைக்கிறோம். இந்தப் பல்கலைக்கழகம் தமிழுக்குச் செய்தது என்ன என்று நாளை எவனாவது தேடினால், அந்த ஒரு பக்கமாவது அவனுக்குக் கிடைக்கட்டும்.